அறுவை முறையில் ஞானப்பல் அகற்றம்: நாற்காலியில் நடப்பதும் அடுத்து வரும் நாட்களும்

பல்லை எடுப்பதில் இரண்டு முறைகள் உண்டு. ஈறுக்கு மேலே பல் போதிய அளவு தெரிந்து, இடுக்கியால் பற்றிப் பிடிக்க முடிந்தால், அதை மெல்ல அசைத்துத் தளர்த்தி வெளியே எடுத்துவிடலாம். நம்மில் பலரும் அறிந்த ‘பல் பிடுங்குதல்’ இதுதான். பற்றிப் பிடிக்கப் பல்லில் ஒன்றும் மிஞ்சாதபோதும், பல் ஈறுக்குள்ளோ எலும்புக்குள்ளோ புதைந்து கிடக்கும்போதும், ஈறைக் கீறி விலக்கி, தேவைப்பட்டால் சுற்றியுள்ள எலும்பைச் சிறிது அகற்றி, பல்லைத் துண்டுகளாக்கி எடுக்க வேண்டியிருக்கும். இதைத்தான் அறுவை முறைப் பல் அகற்றம் என்கிறார்கள். பெயரில் அறுவை இருந்தாலும், பெரும்பாலும் இது பல் மருத்துவரின் நாற்காலியிலேயே, வாயின் ஒரு பக்கத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் சிகிச்சை. அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம்.

சிகிச்சையைவிட அதற்குப் பிறகு வரும் ஒரு வாரம்தான் மக்களை அதிகம் கலங்க வைக்கிறது என்பது என் எண்ணம். முகம் வீங்குகிறது, வாய் சரியாகத் திறக்கவில்லை, எச்சிலில் சிவப்பு தெரிகிறது, பல் இருந்த குழியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. இவற்றில் எது இயல்பானது, எதற்கு மருத்துவரை உடனே அழைக்க வேண்டும் என்பது தெரியாததால் வரும் பயம், வலியைவிடப் பெரிதாகிவிடுகிறது. ஆகவே மிகப் பரவலாக நடக்கும் அறுவை அகற்றமான, கீழ்த்தாடையில் புதைந்த ஞானப்பல்லை எடுப்பதை எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் குழி மூடும் வரை என்ன நடக்கும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

ஞானப்பல் ஏன் இந்தப் பாடு படுத்துகிறது

கடைவாயில் எல்லாவற்றுக்கும் பின்னால், இறுதியாக முளைப்பது மூன்றாம் கடைவாய்ப்பல். வழக்கமாக 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் அது வெளிவருகிறது. அதற்குள் மற்ற பற்கள் எல்லாம் தாடையில் இடம் பிடித்துவிட்டிருக்கும். மிஞ்சிய இடம் போதாதபோது இந்தப் பல் முன்னால் இருக்கும் பல்லின் மேல் சாய்ந்தோ, எலும்புக்குள் முழுக்கப் படுத்தோ, நேராக நின்றும் பாதி ஈறுக்குள் மறைந்தோ, பின்புறமாகச் சாய்ந்தோ நின்றுவிடுகிறது. பின்புறம் சாய்ந்த கீழ்ப்பல் எக்ஸ்ரேயில் பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தோன்றினாலும் எடுப்பதற்குக் கடினமானது. ஏனெனில் அது வெளியே வர வேண்டிய திசையில் தாடை எலும்பு மேல்நோக்கி ஏறும் பகுதி குறுக்கே நிற்கிறது.

பாதி வெளிவந்து பாதி மறைந்த பல்லே அதிகத் தொல்லை தருவது. அதன் மேல் மூடிபோலப் படர்ந்திருக்கும் ஈறின் அடியில் உணவுத் துணுக்குகள் சேர்ந்துகொள்ளும்; பிரஷ் அங்கே எட்டாது. கிருமிகள் பெருகி அந்த ஈறு வீங்கும்போது மேல்பல் அதன் மேல் பட்டுப்பட்டு இன்னும் புண்ணாகும். விழுங்கினால் தொண்டை வரை வலிக்கும், வாயைத் திறக்க முடியாது, காய்ச்சலும் வரலாம். மாத்திரை சாப்பிட்டதும் அடங்கி, சில மாதங்களில் மறுபடி வரும் இந்தத் தொற்றுதான் பலரை அகற்றத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. முன்னால் இருக்கும் நல்ல கடைவாய்ப்பல்லைச் சொத்தையாக்குவதும், பல்லைச் சுற்றி எலும்புக்குள் நீர்க்கட்டி உருவாவதும் மற்ற காரணங்கள். ஞானப்பல் அல்லாத பற்களுக்கும் அறுவை முறை தேவைப்படுவதுண்டு. வேர் சிகிச்சை செய்து பல ஆண்டுகளாகி நொறுங்கும் நிலையில் உள்ள பல், தலைப்பகுதி முழுதும் உடைந்து வேர் மட்டும் எஞ்சிய பல், கொக்கிபோல வளைந்த வேருள்ள பல் ஆகியவை அந்த வகை.

புதைந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, எந்தத் தொல்லையும் தராத ஞானப்பல்லை எடுத்துவிட வேண்டும் என்பதில்லை. பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவைக்கு நெறிமுறை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே, நோய் எதுவும் இல்லாத புதைந்த ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாக எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று அறிவுறுத்தியது. வேறு சில நாடுகளின் மருத்துவர்கள், இளவயதில் எலும்பு இளகலாகவும் வேர்கள் முழுதாக வளராமலும் இருக்கும்போது எடுப்பது எளிது என்ற கருத்துடையவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால், ‘இப்போது எடுக்காவிட்டால் என்ன ஆகும், ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்தால் போதுமா’ என்று மருத்துவரிடம் நேராகக் கேட்பது நோயாளியின் உரிமை. நல்ல மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டியே பதில் சொல்வார்.

போவதற்கு முன்

முதலில் ஓ.பி.ஜி. எனப்படும் எக்ஸ்ரே எடுப்பார்கள். இரண்டு தாடைகளும் எல்லாப் பற்களும் ஒரே நீளப்படத்தில் விழும். கீழ்த்தாடையில் வேர்களுக்குக் கீழே இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள் இணையாக ஓடுவதை உற்றுப் பார்த்தால் நீங்களே காணலாம். கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் தொடு உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பு அந்தக் கோடுகளுக்கு நடுவே உள்ள கால்வாய்க்குள் போகிறது. ஞானப்பல்லின் வேர் அந்தக் கால்வாயைக் கடக்கும் இடத்தில் கோடு அறுந்தோ வேர் கருத்தோ தெரிந்தால், நரம்பு வேரை ஒட்டியிருக்கக்கூடும் என்று பொருள். அப்போது சி.பி.சி.டி. எனப்படும் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். நரம்பு மிக நெருங்கியிருந்தால், வேரை அப்படியே விட்டுவிட்டுப் பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் மாற்று முறையும் உண்டு.

உங்கள் உடல்நிலையைப் பற்றி மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு முழுதாகப் பதில் சொல்வது மிக முக்கியம். பல் சிகிச்சைக்கும் இதய மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணிப் பலர் மறைத்துவிடுகிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைச் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்; ஆனால் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. பல்லில் கசியும் இரத்தத்தை அழுத்தியும் தைத்தும் நிறுத்திவிடலாம், இதயத்திலோ மூளையிலோ ஏற்படும் அடைப்பை அவ்வாறு சரிசெய்ய முடியாது. எலும்புத் தேய்மானத்துக்காகவோ புற்றுநோய்க்காகவோ அலெண்ட்ரோனேட், சோலெட்ரானிக் அமிலம் போன்ற மருந்துகளை எடுத்தவர்களுக்கும், தலை கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் அபாயம் இருப்பதால், அதற்கான முன்னேற்பாடு தேவை. நீரிழிவு, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், கர்ப்பம், முன்பு ஏதேனும் மருந்துக்கு ஒவ்வாமை வந்தது ஆகியவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

மரத்துப்போகும் ஊசி மட்டும் போடுவதாக இருந்தால் வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. இட்லியோ சோறோ வழக்கம்போலச் சாப்பிட்டு, அன்றாட மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு போவதே நல்லது. பசியும் பயமும் சேர்ந்தால்தான் மயக்கம் வருகிறது. நீரிழிவு மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போவது இன்னும் ஆபத்து. முழு மயக்க மருந்தோ நரம்பு வழி உறக்க மருந்தோ தருவதாக இருந்தால் மட்டும் எத்தனை மணி நேரம் சாப்பிடக் கூடாது என்பதை மருத்துவர் சொல்வார்.

‘பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்’ என்ற அச்சம் நம் வீடுகளில், குறிப்பாகப் பெரியவர்களிடம், இன்னும் ஆழமாக இருக்கிறது. இதற்காகவே அழுகிய பல்லோடு ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் உண்டு என்பதால் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்வையைக் கொண்டுசெல்வது மூளையிலிருந்து புறப்படும் நரம்புகளில் இரண்டாவது. பற்களுக்கு உணர்வு தருவது ஐந்தாவது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஐந்தாம் நரம்பின் மூன்று கிளைகளில் ஒன்று நெற்றிக்கும் கண்ணைச் சுற்றிய தோலுக்கும், மற்றொன்று மேல்தாடைக்கும், இன்னொன்று கீழ்த்தாடைக்கும் போகின்றன. ஆகவேதான் மேல்பல் வலிக்கும்போது கண்ணைச் சுற்றியும் தெறிக்கிறது. வலி கண்ணுக்குப் போவது உண்மை. பல்லை எடுப்பதால் பார்வை போவதில்லை.

நாற்காலியில்

கீழ்த்தாடையின் உள்பக்கத்தில், கடைவாய்க்குப் பின்னால் ஊசி போடுவார்கள். பெரும்பாலும் அது லிக்னோகெய்ன் என்ற மருந்து. அதோடு இரத்தக்கசிவைக் குறைக்கவும் மரப்பு நீடிக்கவும் சிறிது அட்ரினலின் கலந்திருக்கும். ஊசி போட்ட ஓரிரு நிமிடங்கள் நெஞ்சு படபடப்பது அந்த அட்ரினலினால்தான், தானாக அடங்கிவிடும். சில நிமிடங்களில் கீழ் உதட்டின் பாதியும் நாக்கின் பாதியும் தடித்ததுபோல உணர்வீர்கள். உதடு மரத்துவிட்டது என்று நீங்கள் சொன்ன பிறகே மருத்துவர் தொடங்குவார். மரக்கவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், இன்னொரு ஊசி போடலாம். சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் திசு அமிலத்தன்மை அடைவதால் இந்த மருந்து சரியாக வேலை செய்யாது. ‘முதலில் ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டு வீக்கத்தைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்’ என்று சில நேரம் திருப்பி அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரத்த பிறகு கூர்மையான வலி தெரியாது. ஆனால் அழுத்தமும் அசைவும் ஒலியும் தெரியும். இதை முன்கூட்டியே அறியாதவர்கள், அழுத்தத்தை வலியின் தொடக்கம் என்று நினைத்து நடுங்குகிறார்கள். மருத்துவர் ஈறைக் கீறி எலும்பிலிருந்து விலக்குவார். பிறகு, சூடேறாமல் இருக்க உப்புநீர் பீய்ச்சியபடி, சுழலும் கருவியால் பல்லைச் சுற்றியுள்ள எலும்பில் ஒரு பள்ளம் வெட்டுவார். அதன்பின் பல்லையே இரண்டாகவோ மூன்றாகவோ அறுத்துப் பிரிப்பார். குறுகிய வாசல் வழியாகப் பெரிய பீரோவைக் கழற்றிக் கழற்றி வெளியே எடுப்பதைப் போன்ற வேலை இது. துண்டாக்குவதால்தான் எலும்பை அதிகம் வெட்டாமல் பல்லை எடுக்க முடிகிறது. நெம்பும்போது ‘மடக்’ என்று தலைக்குள் ஒரு சத்தம் கேட்கும். பல் துண்டு பிரியும் சத்தம் அது, தாடை உடைவதில்லை. கடைசியில் குழியைக் கழுவி, ஈறைப் பழைய இடத்தில் பொருத்தித் தையல் போட்டு, மடித்த பஞ்சுத்துணியை அதன் மேல் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள்.

முதல் 24 மணி நேரம்

பல் இருந்த குழிக்குள் இரத்தம் நிரம்பி உறைந்து, ஒரு கட்டியாக நிற்கிறது. அந்த உறைகட்டிதான் வெளியே திறந்துகிடக்கும் எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடிக் காக்கிறது. புதிய திசு அதற்குள்ளேதான் வளரத் தொடங்குகிறது. முதல் நாள் சொல்லப்படும் எல்லாக் கட்டுப்பாடுகளும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாததுபோலத் தோன்றினாலும், இந்த உறைகட்டி இடம்பெயராமல் பார்த்துக்கொள்வதற்கே.

பஞ்சைக் குறைந்தது முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்ப்பது உறையத் தொடங்கியதைப் பிய்த்துவிடும். எச்சிலைத் துப்பக் கூடாது, விழுங்கிவிட வேண்டும். துப்புவதற்காக வாயைக் குவிக்கும்போது உள்ளே உண்டாகும் உறிஞ்சல் கட்டியை இழுத்துவிடும். அதே காரணத்துக்காக ஸ்ட்ரா போட்டு எதையும் குடிக்கக் கூடாது. இளநீர் குடிக்க விரும்பினால் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். முதல் நாள் வாய் கொப்பளிக்கவும் கூடாது. இரத்தச் சுவை நாக்கில் இருப்பதால் கொப்பளிக்கத் தோன்றும், பொறுத்துக்கொள்ள வேண்டும். உப்புநீர் நல்லதுதான், ஆனால் அதற்கு மறுநாள்தான் நேரம்.

எச்சிலில் இளஞ்சிவப்பாகக் கசிவது மறுநாள் காலை வரை இருக்கலாம். ஒரு துளி இரத்தம் வாய் நிறைய எச்சிலில் கலந்தால் நிறைய இரத்தம் போவதாகத் தோன்றும். தலையணையில் பழைய துண்டு ஒன்றை விரித்து, தலையைச் சற்று உயர்த்திப் படுத்தால் போதும். மாறாக, வாய் முழுக்க அடர் சிவப்பாக இரத்தம் ஊறிக்கொண்டே இருந்தால், சுத்தமான பஞ்சுத்துணியை நனைத்துப் பிழிந்து மடித்துக் குழியின் மேல் சரியாக வைத்து, நடுவில் திறந்து பார்க்காமல் அரை மணி நேரம் இறுக்கிக் கடியுங்கள். வெந்நீரில் நனைத்து ஆறவைத்துப் பிழிந்த தேயிலைப் பையும் இதற்கு உதவும். தேயிலையின் துவர்ப்பு இரத்தத்தைக் கட்டும். இரண்டு முறை செய்தும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

மரப்பு மூன்று நான்கு மணி நேரம் இருக்கும். அதற்குள் சூடாகக் குடித்தால் வாய் வெந்துபோவதுகூடத் தெரியாது; உதட்டையும் கன்னத்தையும் கடித்துக்கொள்வதும் நடக்கும். எழுதித் தந்த வலி மாத்திரையின் முதல் வேளையை, வலி வரட்டும் என்று காத்திருக்காமல், மரப்பு விலகுவதற்கு முன்பே சாப்பிடுவது நல்லது. வலி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருப்பதால், வீட்டில் இருக்கும் டோலோவை அதற்கு மேல் தானாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. பெரியவர்களுக்கும் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் பாராசிட்டமால் போனால் கல்லீரலுக்குக் கேடு. கிருமிக்கான மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. தந்திருந்தால் சொன்ன நாட்கள் வரை முடிக்க வேண்டும். அதில் மெட்ரோனிடசோல் இருந்தால் மதுவைத் தொடக் கூடாது.

கன்னத்தில் வெளிப்புறமாக, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைத்து, அதே அளவு நேரம் எடுத்துவிட்டு, மறுபடி வைக்கலாம். இது முதல் நாளில்தான் அதிகப் பயன் தரும். ‘சளி பிடிக்கும்’ என்று சொல்லிக் குளிர்ந்த உணவைத் தடுக்கும் பெரியவர்களுக்குச் சற்றே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அன்றைக்குக் குளிர்ந்த மோர், ஆறிய கஞ்சி, கையால் மசித்த தயிர்ச்சோறு, ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடும் ஐஸ்கிரீம் எல்லாம் இதமானவை.

புகைபிடிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உறிஞ்சுவது ஒரு கேடு, புகையின் நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி ஆறுவதைத் தடுப்பது இன்னொரு கேடு. குறைந்தது மூன்று நாட்கள், முடிந்தால் ஒரு வாரம், தள்ளிவைக்க வேண்டும். வெற்றிலை பாக்கு, புகையிலை, பான் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பாக்குத் தூள் தையலுக்குள் புகுந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

இரண்டாம் நாள் முதல் ஒரு வாரம்

மறுநாள் கண்ணாடியைப் பார்த்தால் முதல் நாளைவிட வீக்கம் கூடியிருக்கும். மூன்றாம் நாள் அது உச்சத்தைத் தொடும். ‘நாளாக ஆகக் குறைய வேண்டியதுதானே, ஏன் கூடுகிறது’ என்று அஞ்ச வேண்டாம். வெட்டுப்பட்ட எலும்புக்கும் திசுவுக்கும் உடல் தரும் மறுமொழி அந்த வேகத்தில்தான் வளர்ந்து அடங்குகிறது. நான்காம் நாளிலிருந்து குறையத் தொடங்கி, ஒரு வாரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். தாடையை மூடும் தசைகள் இறுகுவதால் வாயில் இரண்டு விரல்கூட நுழையாமல் போகலாம். இதுவும் ஒன்று இரண்டு வாரங்களில் சரியாகும். கன்னத்திலும் கழுத்திலும் கருமையாகவோ மஞ்சளாகவோ கன்றிப்போவதும், விழுங்கும்போது தொண்டை வலிப்பதும், அதே பக்கத்துக் காதில் குடைவதும், இழுத்துப் பிடித்திருந்ததால் வாயோரம் வெடித்திருப்பதும் இயல்பானவையே.

இந்த வாரத்தில் கவனிக்க வேண்டியது வலி எவ்வளவு என்பதைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பதையே. முதல் இரண்டு நாட்களில் வலி அதிகம் இருந்தாலும், ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சற்றுக் குறைந்தால் ஆறிக்கொண்டிருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம். குறைந்துவந்த வலி திரும்பி ஏறத் தொடங்கினால், அது சிறிய வலியாக இருந்தாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

24 மணி நேரத்துக்குப் பிறகு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புக் கலந்து, சாப்பிட்ட பின் ஒவ்வொரு முறையும் வாயில் வைத்துத் தலையைச் சாய்த்து ஆட்டி, குனிந்து தானாக வெளியே விழவிட வேண்டும். ‘களகள’ என்று வேகமாகக் கொப்பளிக்க வேண்டாம். மற்ற பற்களை மறுநாளிலிருந்தே துலக்கலாம், துலக்கவும் வேண்டும். காயத்துக்குப் பயந்து ஒரு வாரம் பல் துலக்காமல் இருப்பது கிருமிகளுக்குத்தான் நல்லது.

உணவில் இரண்டாம் மூன்றாம் நாள் குழைந்த ரசம்சோறு, பாலில் ஊறவைத்த இட்லி, இடியாப்பம், ஆறிய ராகிக் கூழ், மசித்த வாழைப்பழம், வேகவைத்த முட்டை என்று மெல்ல நகரலாம். காரத்தைவிடத் துகள்களுக்கே நான் அதிகம் பயப்படச் சொல்வேன். எள், ரவை, கடுகு, வேர்க்கடலைத் தூள், முறுக்கு ஆகியவை குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சத்து இல்லாமல் புண் ஆறாது என்பதால், வலிக்குப் பயந்து வெறும் டீயும் பன்னுமாக ஒரு வாரத்தை ஓட்டிவிடக் கூடாது.

குழியில் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ ஒரு படலம் தெரிவது இந்த நாட்களில்தான். பலரும் இதைச் சீழ் என்று நினைத்து டார்ச் அடித்துப் பார்த்து, பட்ஸால் துடைத்தெடுக்க முயல்கிறார்கள். அது உறைகட்டியின் மேல் உருவாகும் ஃபைப்ரின் என்ற இயல்பான படலம். வெளித்தோலில் காயம் ஆறும்போது பொருக்கு தட்டுவது வாயின் ஈரத்தில் இந்த வடிவில் நடக்கிறது. அதைத் தொடக் கூடாது. மஞ்சள் தூள், கிராம்புத் தைலம், சுண்ணாம்பு என்று எதையும் குழிக்குள் வைக்கவும் கூடாது.

வறண்ட குழி

அறுவை அகற்றத்துக்குப் பிறகு வரும் சிக்கல்களில் மிகவும் அறியப்பட்டது ‘டிரை சாக்கெட்’ எனப்படும் வறண்ட குழி. உறைகட்டி முன்னதாகவே கரைந்தோ பெயர்ந்தோ போய், அடியில் எலும்பு வெறுமையாகத் திறந்துவிடுகிறது. பொதுவாக மூன்றாம் நாளை ஒட்டி, ஆறிக்கொண்டிருந்த வலி திடீரெனத் திரும்பி, காதுக்கும் பொட்டுக்கும் தெறிக்கும் அளவுக்கு ஏறும். வாயில் கெட்ட நாற்றமும் சுவையும் இருக்கும். மாத்திரைக்குக் கட்டுப்படாது, இரவில் தூங்கவிடாது. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையிலும், மற்ற பற்களைவிட ஞானப்பல்லிலும், புகைபிடிப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் இது கூடுதலாக வருகிறது.

இது பயங்கரமாக வலித்தாலும் உயிருக்கு ஆபத்தானதல்ல. வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டிய அவசியமும் இல்லை. மருத்துவர் குழியை உப்புநீரால் கழுவி, யூஜினால் சேர்ந்த மருந்தை அதில் வைப்பார். பலருக்குச் சிறிது நேரத்திலேயே வலி தணிந்துவிடும். சில நாட்களுக்கு ஒருமுறை மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். யூஜினால் என்பது கிராம்பில் இருப்பதுதான் என்றாலும், கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றினால் திசு வெந்துவிடும். கூடுதல் கிருமி மாத்திரையால் இந்த வலி போகாது. எலும்பை மூடுவதே வைத்தியம்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

மூச்சு விடவோ எச்சில் விழுங்கவோ சிரமம், நாக்கு மேலே தள்ளப்படுவது, தாடைக்கு அடியிலும் கழுத்திலும் கல்போல இறுகி வீங்குவது ஆகியவை வந்தால் பல் மருத்துவமனைக்குக் காத்திருக்காமல், எந்த நேரமானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தாடையின் தொற்று கழுத்துக்குள் பரவி மூச்சுக்குழாயை அழுத்தக்கூடியது. இது அரிது, ஆனால் மணிக்கணக்கில் முற்றும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய காய்ச்சல், நான்கு ஐந்து நாட்களுக்குப் பிறகு புதிதாக ஏறும் வீக்கம், சீழ் வடிவது, மாத்திரை சாப்பிட்டதும் உடலில் தடிப்போ முகவீக்கமோ தோன்றுவது ஆகியவற்றுக்கும் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.

மறுநாள் காலையிலும் உதடோ மோவாயோ நாக்கோ மரத்தபடியே இருந்தால், அதையும் தள்ளிப்போடாமல் சொல்லுங்கள். வேரை ஒட்டிய நரம்பு நசுங்கியதால் இது நேரலாம். பெரும்பாலானோருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பிவிடுகிறது. நிலையாகத் தங்கிவிடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. உணர்வுதான் குறையுமே தவிர, முகம் கோணுவதோ வாய் இழுப்பதோ இதனால் வராது. ஆனாலும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே இதை மருத்துவரிடம் பேசித் தெரிந்துகொண்டிருப்பது நல்லது.

தையல் பிரித்த பிறகு

கறுப்புப் பட்டுநூலால் தைத்திருந்தால் ஏழாம் நாளை ஒட்டிப் பிரிப்பார்கள். ஒரு கிள்ளலுக்கு மேல் வலிக்காது என்பதால் அதற்கு ஊசி தேவைப்படாது. தானாகக் கரையும் நூலாக இருந்தால் சில வாரங்களில் துண்டு துண்டாக உதிரும். வீட்டு வேலை, அலுவலக வேலை ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று நாளில் திரும்பலாம். பளு தூக்குதல், ஓட்டம், குனிந்து நிமிரும் கடினமான உழைப்பு ஆகியவற்றுக்கு ஒரு வாரம் இடைவெளி விட வேண்டும்.

தையல் போனதும் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணியவர்களுக்குக் குழி இன்னும் அப்படியே இருப்பது ஏமாற்றம் தரும். ஈறு மேலே மூடிக்கொள்ளப் பல வாரங்கள் ஆகும். அடியில் எலும்பு நிரம்ப மூன்று முதல் ஆறு மாதங்கள் பிடிக்கும். அதுவரை சோற்றுப் பருக்கை உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். குச்சியால் குத்தி எடுக்காமல், மருத்துவர் தரும் முனை மழுங்கிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான உப்புநீரை நிரப்பிப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். எந்த நாளிலிருந்து இதைத் தொடங்கலாம் என்பதைத் தையல் பிரிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சில வாரங்கள் கழித்து ஈறில் கூர்மையாக ஏதோ நாக்கில் இடறினால், பல்லின் துண்டை உள்ளேயே விட்டுவிட்டார்களோ என்று பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் அது உயிரற்ற சிறு எலும்புச் சில்லு. உடல் தானாக வெளியே தள்ளிவிடும், தள்ளாவிட்டால் மருத்துவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார்.